ஓடந்துறையின் காற்றாலையும் எங்கள் ஊர் மோட்டார் அறையும்

கடந்த நவம்பர் 1 அன்று எங்கள் ஊராட்சியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குகிற பெரியவருக்கு ஊராட்சித் தலைவர் சால்வை போர்த்தினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, மழையோ பனியோ, விடியும் முன்பே மோட்டார் அறையைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருப்பவர் அவர். அவருடைய பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி அழைத்ததை நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. சால்வையைப் பெற்றுக்கொண்டவர், கைகூப்பியபடி, "ஸ்டார்ட்டர் ரொம்பப் பழசாயிடுச்சுங்க, அதை மட்டும் மாத்திக் குடுங்க" என்றார்.

முன்பெல்லாம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் மட்டுமே தமிழ்நாட்டில் கிராம சபை கட்டாயமாகக் கூடியது. 2022இல் அவற்றோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஐயும் உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1ஐயும் அரசு சேர்த்தது. உள்ளாட்சிகள் நாள் கூட்டத்தில், நன்கு பணியாற்றும் ஊராட்சி ஊழியர்களையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் சிறப்பிப்பதும் ஒரு பொருளாக இடம்பெறுகிறது. எங்கள் ஊரில் தூய்மைக் காவலர்களான நான்கு பெண்களும், கோடையில் ஓடைக்கரையின் சீமைக்கருவேலத்தை ஊதியம் எதுவும் வாங்காமல் வெட்டி அகற்றிய இளைஞர்களும் அன்று மரியாதை பெற்றார்கள்.

அதே கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்பட்டபோது, தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் மின்கட்டணம் எவ்வளவு பெரியது என்பதைக் கேட்டு, என் பக்கத்தில் அமர்ந்திருந்த பலர் திகைத்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ள ஓடந்துறை ஊராட்சி. 1996இல் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரா. சண்முகம் முதலில் கவனித்தது குடிநீரையும் தெருவிளக்கையும்தான். அவை பெருகப் பெருக, மாதம் சில ஆயிரங்களாக இருந்த மின்கட்டணமும் பல மடங்காக ஏறியது. கட்டணம் உயர்ந்துவிட்டதே என்று விளக்குகளைக் குறைக்காமல், மின்சாரத்தை ஊராட்சியே உற்பத்தி செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். மரக்கழிவை எரித்து வாயுவாக்கி, அதன் மூலம் 9 கிலோவாட் மின்சாரம் எடுத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டுவது முதல் முயற்சி. 2006இல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சியே சொந்தமாக நிறுவியது.

ஓர் ஊராட்சியின் காற்றாலை இன்னோர் ஊரில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குப் பருவக்காற்று உடுமலைப் பகுதியில்தான் பலமாக வீசுகிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேர்கிறது. ஊராட்சி பயன்படுத்தும் அளவு அதிலிருந்து கழிக்கப்பட்டு, மிச்சம் மின்வாரியத்துக்கு விற்கப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, சொந்தத் தேவை 4.5 லட்சம் யூனிட் என்பது அவர்களுடைய கணக்கு. காற்றாலையின் விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ரூபாயை ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து போட்டது. மீதி வங்கிக் கடன்; அதையும் காற்றாலையின் வருமானத்தைக் கொண்டே அடைத்தார்கள்.

காற்றாலையைவிட அந்த 40 லட்சமே எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகிறது. வீட்டுவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் முகம் பார்க்காமல் வசூலித்து, வசூலானதை வீணாக்காமல், ஒரு தேர்தலையும் தாண்டிக் கையிருப்பாகப் பாதுகாப்பது எவ்வளவு கடினம் என்பது ஊராட்சி அலுவலகத்துப் படியேறியவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஆகையால் தலைவருக்கு அவருடைய வேலையும் கணக்கும்தான் அடையாளம். சண்முகத்துக்குப் பிறகு அவருடைய மனைவி லிங்கம்மாள் தலைவரான காலத்திலும் பணிகள் தொடர்ந்தன. 2011இல் தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஒவ்வொன்றும் 300 சதுர அடியில் ஐந்து சூரிய விளக்குகளோடு கட்டப்பட்ட வீடுகளை ஏழைக் குடும்பங்கள் அங்கே பெற்றன.

எல்லா ஊராட்சிகளும் காற்றாலை வாங்கிவிட முடியாது. எங்கள் ஊரின் வருமானத்துக்கு அது எட்டவே எட்டாது. ஆனால் மின்கட்டண ரசீதை இணைப்பு வாரியாகக் கிராம சபையில் படித்துக் காட்டலாம். எந்த மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது என்று, அதை நாள்தோறும் இயக்குபவரிடமே கேட்கலாம். எங்கள் பெரியவர் ஸ்டார்ட்டர் கேட்டபோது நான் இதைத்தான் எழுந்து சொன்னேன். தலைவர் மறுக்கவில்லை. மரியாதை செய்யும் பகுதி முடிந்துவிட்டது என்று அடுத்த பொருளுக்குப் போய்விடாமல், செயலரிடம் தீர்மானப் புத்தகத்தை வாங்கி, ஸ்டார்ட்டரை மாற்றுவதையும், அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு மின் இணைப்பின் கணக்கையும் தனித்தனியே வைப்பதையும் அங்கேயே எழுதச் செய்தார். பெரியவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாலைத் தண்ணீர் விடும் நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.