வீடு முழுக்க ஒரே போர்டு வேண்டாம்

வீட்டுக்கு அலமாரி, கபோர்டு செய்யப் பேசினால் "எல்லாத்துக்கும் ஒரே ப்ளைவுட் போட்டுரலாம் சார்" என்பார் ஆசாரி. மாடுலர் கடையில் கேட்டால் "எல்லாமே எச்.டி.எச்.எம்.ஆர்." (மரநாரை அடர்த்தியாக அழுத்திச் செய்த, ஈரம் தாங்கும் போர்டு) என்பார்கள். ஒரே சரக்கு என்றால் அவர்களுக்கு வாங்கவும் வெட்டவும் சுலபம், துண்டும் வீணாகாது. ஆனால் சிங்குக்கு அடியில் இருக்கும் பலகை படும் பாடும் படுக்கையறை லாஃப்ட் கதவு படும் பாடும் ஒன்றா? தண்ணீர் படுமா, நடுவில் தாங்கலில்லாமல் எத்தனை அடி நிற்கும், திருகு எந்தப் பக்கத்தில் ஏறும் என்று மூன்றையும் பார்த்து ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள்.

முதலில் தண்ணீர். சிங்க் பெட்டி, அதன் இரு பக்கப் பெட்டிகள், பாத்ரூம் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்பலகை, வாஷ்பேசின் கபோர்டு ஆகியவற்றுக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட ப்ளைவுட் தவிர வேறு எதுவும் வேண்டாம். இதைத்தான் கடையில் பி.டபிள்யூ.பி. என்றும் மரைன் என்றும் சொல்கிறார்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடக்கூடாது என்பது இதற்கான விதி. ஐ.எஸ். 303-இல் வரும் எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) ரகத்தில் யூரியா பார்மால்டிஹைடு பசை இருக்கும். காய்ந்த அறையில் அது பல வருடம் உழைக்கும், நின்ற தண்ணீரில் ஒட்டு விட்டுவிடும்.

முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஐ.எஸ்.ஐ. குறியோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் அச்சாகியிருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரியும். பிறகு ஷீட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஐ.எஸ். 710-இல் இருக்க வேண்டிய, தண்ணீர் தாங்கும் பினாலிக் பசை அடுக்குகளுக்கு நடுவே கரும்பழுப்புக் கோடாகத் தெரியும், ஆனால் சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம். அதனால் முதல் ஷீட்டை வெட்டியதும் 2 அங்குலத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் 4 மணி நேரம் கொதிக்க விடுங்கள். யூரியா பசையாக இருந்தால் அடுக்கு பிரிந்துவிடும். மீதி ஷீட்டுகளில் ரம்பம் படுவதற்கு முன்பே இதைச் செய்தால்தான் கடையில் திருப்பிக் கொடுக்கப் பேச முடியும்.

வெட்டிய ஓரத்தில் இன்னொன்றும் தெரியும்: உள் அடுக்கில் இடைவெளி. அது இருக்கும் இடத்தில் கீல் திருகு விழுந்தால் பிடிமானமே இருக்காது. ஷீட்டை நிறுத்தி வைத்து விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடத்தில் ஓசை மாறும். எடையும் ரகம் சொல்லும் என்பார்கள், பாதிதான் உண்மை. யமுனாநகர் பக்கத்துப் பாப்ளார் மரம் இயல்பிலேயே லேசு. அதை வைத்து மட்டும் மோசம் என்று தள்ளிவிட முடியாது.

மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டைக் கெட்ட சரக்கு என்று ஒதுக்குவது அநியாயம். ஆலையில் பேனல் ரம்பத்தில் வெட்டி, இயந்திரத்தில் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டி, காய்ந்த படுக்கையறையில் நிறுத்தினால் நன்றாகவே இருக்கும். வீட்டில் கைரம்பத்தால் வெட்டினால் மேல்தாள் பிசிறும், ஓரம் உதிரும். தண்ணீர் பட்டால் கதை முடிந்தது. அழுத்தி இறுக்கிய மரத்துகள் ஊறி விரிந்தால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. இதை வைக்கும் பெட்டிக்குக் கீழே 100 மி.மீ. பி.வி.சி. கால் போடுங்கள், தரை துடைக்கும் ஈரம் அடியில் ஏறாது. ஓரத்தில் சாதாரண மரத்திருகு ஏற்றினால் பிளக்கும். அதற்குப் பதில் போடும் 7×50 மி.மீ. கன்பர்மேட் திருகுக்கு (போர்டுக்கென்றே வரும் தடித்த திருகு) ஓரத்தில் 5 மி.மீ. துளை முதலில் போட வேண்டும். கழற்றிக் கழற்றி மாட்டினால் மரை போய்விடும்.

எச்.டி.எச்.எம்.ஆர். இதைவிட அடர்த்தியானது, ஈரக்காற்றையும் திருகையும் நன்றாகத் தாங்கும். சமையலறை மேல் பெட்டிகளுக்கும் ஷட்டருக்கும் (பெட்டிக் கதவு) தாராளமாகப் போடலாம். ஆனால் கனம் அதிகம்: 8×4 அடி, 18 மி.மீ. ஷீட் 45 கிலோவை ஒட்டி வரும்.

புத்தகத் தட்டு நடுவில் தொங்குவதற்குப் பெரும்பாலும் நீளமே காரணம். அடிக்கு இவ்வளவு என்று ஒரே சுமை வைத்தால், 2 அடித் தட்டைவிட 3 அடித் தட்டு சுமார் 5 மடங்கு தொய்யும். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டுக்கும் எம்.டி.எஃப்.புக்கும் (மரநாரை அழுத்திச் செய்யும் வழவழப்பான போர்டு) 2 அடிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், ப்ளைவுட்டுக்கு இரண்டரை அடி வரை போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் தாங்கல் கொடுங்கள், அல்லது 25 மி.மீ. கனத்துக்குப் போங்கள். 18-ஐவிட அது 2.7 மடங்கு விறைப்பு.

7 அடி உயர வார்ட்ரோப் கதவுக்கு ப்ளைவுட்டைவிட பிளாக் போர்டு நல்லது. உள்ளே நீளவாக்கில் மரச்சட்டங்கள் ஓடுவதால் சுலபத்தில் வளையாது, எடையும் குறைவு. அந்தச் சட்டம் கதவின் உயரத்தோடு ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள். துண்டை மிச்சம் பிடிக்கக் குறுக்கே திருப்பி வெட்டினால் பிளாக் போர்டு வாங்கியதே வீண். 35 மி.மீ. கீல் குழி சில சமயம் இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள சந்தில் விழும், அப்போது கீலைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். இதே கதவை ஒன்றரை அடி அகலத்தில் எச்.டி.எச்.எம்.ஆரில் செய்தால் சுமார் 15 கிலோ வரும், 5 கீலாவது போடுங்கள்.

எம்.டி.எஃப். பெயின்ட் அடிக்கும், ரூட்டரில் டிசைன் வெட்டும் ஷட்டருக்கானது. வெட்டிய இடம் பிரைமரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அங்கு மட்டும் முதலில் 2 கோட் சீலர் கொடுங்கள், கூர்முனையை உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடுங்கள்.

எந்தப் போர்டானாலும் வெளியே 1 மி.மீ. சன்மைக்கா ஒட்டினால் உள்பக்கமும் ஒன்று ஒட்ட வேண்டும், 0.8 போதும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு மழைக்காலம் தாண்டுவதற்குள் வில்லாக வளையும், எந்தக் கீலை முறுக்கினாலும் நேராகாது. ஓரங்கள் நான்கையும் மூடச் சொல்லுங்கள். முன்ஓரத்துக்கு 2 மி.மீ. எட்ஜ் பேண்ட், கண்ணுக்குத் தெரியாத அடிஓரத்துக்கு 0.8. பெரும்பாலும் விட்டுப்போவது அந்த அடிஓரமும், சிங்க் பெட்டியில் குழாய்க்காகப் போட்ட ஓட்டையின் உள்விளிம்பும்தான். ஓட்டையின் விளிம்பில் குழாயைச் செருகும் முன்பே சிலிகான் தடவிவிடுங்கள். குழாய் வந்தபின் பின்பக்கத்துக்குக் கை போகாது.