விசுவாசப் பிரமாணத்தைக் கேள்விகளோடு படித்தல்: இறையியல் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு

இறையியல் பட்டப்படிப்பில் கிறிஸ்தவக் கோட்பாடுகள் குறித்த தாளை எழுதவிருக்கும் மாணவர்களும், சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்தி அங்கே எழும் ஐயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பில் இருப்பவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றையே. திரித்துவம், மனுஷாவதாரம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றை எப்படிப் படித்தால் மனத்தில் நிற்கும், எப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு விளங்கும் என்று கேட்கிறார்கள். செராம்பூர் இறையியல் பட்டத்துக்காக நான் படித்த காலத்திலும், பின்னர் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போதும் எனக்கு உறுதிப்பட்ட வழி ஒன்று உண்டு. விசுவாசப் பிரமாணத்தின், அதாவது சபையின் அடிப்படை நம்பிக்கை அறிக்கையின், ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவர் உண்மையாகவே எழுப்பிய கேள்விக்குச் சபை கொடுத்த பதில். அந்தக் கேள்வியைத் தேடிக் கண்டுபிடித்து, கேட்டவருக்கு இருந்த அதே அழுத்தத்தோடு அதை நாமும் கேட்டுப் பார்க்காதவரை, பதிலை மனப்பாடம் செய்வதால் தேர்விலும் பயனில்லை, உரையாடலிலும் பயனில்லை.

இதற்காக நான் கையாண்ட முறை எளியது. ஒரு நோட்டின் இடப்பக்கத்தில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் ஒரு வாக்கியத்தை எழுதுவேன். வலப்பக்கத்தில் அந்த வாக்கியம் யாருக்கு மறுமொழியாக எழுந்தது, அவர் எந்த வேதவசனத்தின்மேல் நின்றார், அவர் காப்பாற்ற நினைத்தது என்ன என்று எழுதுவேன். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரை அந்த வாக்கியத்தை நான் படித்து முடித்ததாகக் கருதியதில்லை.

அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியுவை எடுத்துக்கொள்வோம். பல விடைத்தாள்களில் அவர் கிறிஸ்துவை இழிவுபடுத்திய கெட்ட மனிதராக மட்டுமே தோன்றுகிறார். ஆனால் அவர் காக்க முயன்றது தேவன் ஒருவரே என்ற உண்மையை. பிதா ஒருவரே தொடக்கமில்லாதவர், ஆகவே குமாரன் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது என்பது அவருடைய வாதம். நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தில் ஞானம் பேசும் பகுதியும், பிதா தம்மிலும் பெரியவர் என்று இயேசு சொல்லும் யோவான் 14:28-உம், கொலோசெயர் 1:15-இல் வரும் முதற்பேறு பற்றிய சொற்களும் அவர் பக்கம் இருப்பதுபோல் தோன்றின. இன்று யெகோவாவின் சாட்சிகள் நம் வீட்டு வாசலில் நின்று கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான். ஆகவே 4-ஆம் நூற்றாண்டைப் படிப்பது பழைய கதையைப் படிப்பதாகாது.

ஆரியுவுக்கு அத்தனாசியு கொடுத்த பதிலின் வலிமை இரண்டு இடங்களில் இருக்கிறது. சபை தொடக்கத்திலிருந்தே கிறிஸ்துவை ஆராதித்து வருகிறது. அவர் படைக்கப்பட்டவர் என்றால் அந்த ஆராதனை விக்கிரக ஆராதனையாகிவிடும் என்பது ஒன்று. படைக்கப்பட்ட ஒருவரால் படைக்கப்பட்ட மற்றவர்களைத் தேவனோடு இணைக்க முடியாது, ஆகவே இரட்சிப்பே இங்கே கேள்விக்குள்ளாகிறது என்பது மற்றொன்று. 325-இல் நிசேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே சாரமுடையவர் என்று அறிக்கையிட்டதன் பொருள் இந்த இரண்டு வாதங்களையும் அறிந்தவருக்கே முழுமையாகப் புலப்படும். சங்கம் முடிந்ததோடு வழக்கு முடிந்துவிடவுமில்லை. அதன்பின் அலெக்சாந்திரியாவின் பேராயரான அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார் என்பதை விடையில் ஒரு வரியாவது எழுதுங்கள். அரச அதிகாரம் எப்போதும் நிசேயாவின் பக்கமே நின்றது என்ற தவறான எண்ணத்தை அந்த ஒரு வரி திருத்திவிடும்.

இங்கே பரவலாக உலவும் ஒரு கூற்றையும் சொல்லியாக வேண்டும். இயேசுவைக் கடவுளாக்கியதும், வேதாகமத்தில் எந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று தீர்மானித்ததும் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கமே என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சங்கம் இயற்றிய 20 விதிகளில் வேதாகமப் புத்தகங்களின் பட்டியல் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் இன்று நாம் அறிந்தபடி குறிப்பிடும் பட்டியல் அத்தனாசியு 367-இல் எழுதிய பண்டிகைக் கடிதத்தில் வருகிறது. கிறிஸ்துவை ஆராதிக்கும் வழக்கமோ அதைவிட மிகப் பழையது. பிலிப்பியர் 2:6-11-ஐ எடுத்துப் படியுங்கள். நிசேயாவுக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய கடிதம் அது. 112-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, ஒரு தெய்வத்துக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். அவர் கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்த அதிகாரி. அதனாலேயே அவருடைய சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

திரித்துவத்தைப் பற்றி எழுதும்போது உவமைகளைத் தவிர்க்கும்படி மாணவர்களை நான் வற்புறுத்துவது வழக்கம். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமை ஞாயிறு பள்ளியிலிருந்தே நம் நாவில் ஊறியிருக்கிறது. ஆனால் ஒரே பொருள் மூன்று நிலைகளை மாறி மாறி அடைவதைத்தான் அது காட்டுகிறது. அது சபெல்லியுவின் பெயரால் அறியப்படும் போதனை. சபை அதை மறுத்துவிட்டது. யோர்தானில் குமாரன் ஞானஸ்நானம் பெறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் கேட்கிறது. மூவரும் ஒரே வேளையில் அங்கே இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் உறவில் இருக்கிறார்கள். செசரியாவின் பசிலியும், நாசியான்சுவின் கிரகோரியும், நிசாவின் கிரகோரியும் சாரம் ஒன்று, ஆள்தத்துவம் மூன்று என்ற தெளிவை உருவாக்கிக் கொடுத்தார்கள். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் ஆவியானவரைப் பற்றிய அறிக்கையை விரிவாக்கியது. இந்த வரலாற்றை முறையாகச் சொன்னாலே போதும். மூன்று எப்படி ஒன்றாகும் என்று கணக்குக் கேட்பவருக்கு, எந்த வகையில் மூன்று, எந்த வகையில் ஒன்று என்று பிரித்துக் காட்ட முடியும். ஒரே வகையில் மூன்றும் ஒன்றும் என்று சபை எக்காலத்திலும் சொன்னதில்லை.

431-இன் எபேசு சங்கத்தையும் 451-இன் கல்கெதோன் சங்கத்தையும் பாடநூல்கள் போதிய அளவு விளக்குகின்றன. ஆகவே ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். கிறிஸ்து ஒருவரில் தேவ இயல்பு, மனித இயல்பு என இரண்டும் உண்டு என்று அறிக்கையிட்ட கல்கெதோனை ஏற்காத மரபைச் சேர்ந்த சபைகள் நம் அருகில் கேரளத்தில் வாழ்கின்றன. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினர் கிறிஸ்துவின் மனுஷீகத்தை மறுக்கிறவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் கிறிஸ்துவை முழு தேவனும் முழு மனிதனுமாக அறிக்கையிடுகிறார்கள். தேவத்தன்மையும் மனிதத்தன்மையும் ஒன்றிய ஒரே இயல்பு என்று அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரிலின் வழியில் சொல்கிறார்கள். அயலாரின் விசுவாசத்தைத் திரித்து எழுதி நம் விசுவாசத்தைக் காப்பது சரியான வழியாகாது.

தமிழ் வாசகருக்கு மனுஷாவதாரம் பற்றிய கேள்வி வேறொரு திசையிலிருந்தும் வருகிறது. இயேசுவும் ஓர் அவதாரந்தானே என்று இந்து நண்பர்கள் அன்போடு கேட்பார்கள். இந்தக் கேள்வியை அவசரப்பட்டு மறுக்க வேண்டியதில்லை. தமிழ்க் கிறிஸ்தவ இறையியலாளர்களான வெங்கல் சக்கரையும் பேராயர் அ. ஜா. அப்பாசாமியும் இதே கேள்வியை மிகுந்த மதிப்போடு எடுத்து, பக்தி மரபின் மொழியிலேயே கிறிஸ்துவைப் பேச முயன்றவர்கள். அவர்கள் வழியில் சென்று வேறுபாட்டை அமைதியாகக் காட்டலாம். கீதை 4-ஆம் அத்தியாயம் தர்மம் தாழும் யுகந்தோறும் நிகழும் வருகையைப் பேசுகிறது. கிறிஸ்தவ விசுவாசமோ பொந்தியு பிலாத்து என்ற ஆளுநரின் காலத்தோடு பிணைத்து, ஒரே ஒருமுறை நிகழ்ந்ததைப் பேசுகிறது. அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு: குமாரன் ஏற்ற மனிதத்தன்மையை அவர் ஒருபோதும் களைந்துவிடவில்லை, உயிர்த்தெழுந்தவரும் மனிதராகவே இருக்கிறார். கிறிஸ்து எதை ஏற்கவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்ற கருத்தை நாசியான்சுவின் கிரகோரி, கிறிஸ்துவுக்கு மனித மனம் இல்லை என்ற அப்பொலினாரியுவின் போதனைக்கு எதிராக எழுதியதை இந்த இடத்தில் சேர்த்தால் விடை நிறைவு பெறும்.

உயிர்த்தெழுதலுக்குத்தான் நான் அதிகக் காலம் கொடுத்தேன்; நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் தன் பிரசங்கமும் வீண், கேட்டவர்களின் விசுவாசமும் வீண் என்று பவுலே 1 கொரிந்தியர் 15:14-இல் எழுதிவிட்டார். தன் விசுவாசம் எந்த இடத்தில் உடையக்கூடும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய இன்னொரு வேதபகுதியை நான் அறியேன். அந்த அதிகாரத்தின் 3 முதல் 7 வரையுள்ள வசனங்களில் பவுல் தான் பெற்றுக்கொண்டு ஒப்புவித்ததாகச் சொல்லும் அறிக்கை இருக்கிறது. கடிதம் எழுதப்பட்டது 50-களின் நடுப்பகுதியில். அறிக்கையோ அதற்கும் முந்தியது. கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு என்று சாட்சிகள் வரிசையாக வருகிறார்கள். ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பவுல் சேர்க்கும்போது, வேண்டுமானால் போய் விசாரியுங்கள் என்ற அழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

இதை வாதமாக எழுதும்போது மூன்று அடுக்குகளைக் குழப்பிவிடக் கூடாது. இயேசு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதை விசுவாசமில்லாத வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் ஏற்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியரான டாசிட்டஸ் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் குறிப்பிடுகிறார். உயிர்த்தெழுந்த இயேசுவைத் தாங்கள் கண்டதாகச் சீஷர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என்பதையும், சபையைத் துன்பப்படுத்திய பவுலும் அப்படியே நம்பினார் என்பதையும் அவர்களில் பலர் ஏற்கிறார்கள். தேவன் அவரை எழுப்பினார் என்பதோ இவற்றுக்கெல்லாம் சிறந்த விளக்கம் என்று நாம் முன்வைத்து விசுவாசிப்பது. முதல் இரண்டை வரலாற்றின் முறையில் நிறுவ வேண்டும். மூன்றாவதற்கு, மாயத்தோற்றம், திருடப்பட்ட உடல், பிற்காலக் கட்டுக்கதை என்ற மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக நியாயமாக எடுத்துரைத்து, அவை எங்கே போதாமற்போகின்றன என்று காட்ட வேண்டும். காலியான கல்லறைக்கு முதற்சாட்சிகளாக நான்கு சுவிசேஷங்களும் பெண்களையே நிறுத்துகின்றன. பெண்களின் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிய காலம் அது. கதை புனைய நினைத்தவர் அவர்களைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார் என்ற வாதத்துக்கு இன்னும் வலிமை இருக்கிறது.

யோசேப்பஸைப் பற்றி ஒரு கவனம் தேவை. இயேசுவைப் பற்றி அவர் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் புகழ்பெற்ற பத்தியில் கிறிஸ்தவர்களின் பிற்காலச் சேர்க்கை உண்டு என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. அதை அப்படியே மேற்கோள் காட்டினால், எதிரில் இருப்பவர் விவரம் தெரிந்தவராயின், உங்கள் மற்ற சான்றுகளும் மதிப்பிழக்கும். கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபைப் பற்றிய அவருடைய குறிப்பு அதைவிட உறுதியானது. மாற்கு 16:9-20 நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழுப்பிரதிகளான சினாய், வத்திக்கான் ஏடுகளில் இல்லை என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். உயிர்த்தெழுதல் விசுவாசம் அந்தப் பன்னிரண்டு வசனங்களின்மேல் கட்டப்பட்டதல்ல. வேதாகமம் மாற்றப்பட்டுவிட்டது என்று சொல்லும் இஸ்லாமிய நண்பரிடம் எந்த இடங்களில் பிரதிகள் வேறுபடுகின்றன என்று நாமே திறந்து காட்டினால், மற்ற இடங்கள் எவ்வளவு உறுதியானவை என்று பேசவும் இடம் கிடைக்கும்.

பாவநிவாரணத்தைப் பொறுத்தவரை, கிறிஸ்து நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதை விசுவாசப் பிரமாணம் அறிக்கையிடுகிறதே தவிர, அது எவ்விதம் நிகழ்கிறது என்பதற்கு நிசேயாவோ கல்கெதோனோ ஒரு கோட்பாட்டை வரையறுக்கவில்லை. மரணத்தின்மேலும் பிசாசின்மேலும் பெற்ற வெற்றியாக ஆதிப் பிதாக்கள் பலர் பேசினார்கள். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரியின் பேராயர் அன்செல்ம் தேவனுடைய கனத்துக்குச் செலுத்தப்பட்ட ஈடாக விளக்கினார். சீர்திருத்தவாதிகள் நம் தண்டனையை அவர் ஏற்றதை வலியுறுத்தினார்கள். ஒரு விளக்கத்தை மட்டும் சுவிசேஷமாக எண்ணிக் காக்கப் புறப்பட்டால், அந்த விளக்கத்தின்மேல் வரும் ஒவ்வொரு கேள்வியும் சிலுவையின்மேலேயே வருவதுபோல் ஆகிவிடும்.

எதிர்வாதத்தை முழு வலிமையோடு எழுதுவது தேர்வாளரைக் கவரும் உத்தி என்று எண்ண வேண்டாம். அது பிதாக்களின் வழக்கம். கெல்சு என்ற கிரேக்க மெய்யியலாளர் கிறிஸ்தவத்தைத் தாக்கி 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல் அழிந்துவிட்டது. ஆனாலும் அதன் பெரும்பகுதியை நாம் அறிகிறோம். 248-ஐ ஒட்டி அதற்கு மறுப்பு எழுதிய கிறிஸ்தவ இறையியலாளர் ஒரிகன், கெல்சுவின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தெழுதிய பின்னரே பதில் தந்தார். தமிழில் இதற்கு நேரெதிரான பாடமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மிஷனெரி பீட்டர் பெர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர், 1854-இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்தில், மிஷனெரிகள் பழித்த ஆலயச் சடங்குகளுக்கு இணையானவை பழைய ஏற்பாட்டிலேயே இருப்பதை வசனங்களோடு எடுத்துக்காட்டினார். தம் வேதத்தில் லேவியராகமம் என்ன சொல்கிறது என்று எண்ணாமல் அயலாரின் வழிபாட்டை ஏளனம் செய்தவர்களுக்குக் கிடைத்த பதில் அது. அதன் நியாயத்தை ஒப்புக்கொள்ளாமல் விசுவாசத் தற்காப்பைத் தமிழில் தொடங்கவே முடியாது என்று நான் கருதுகிறேன்.

1 பேதுரு 3:15 மனப்பாடமாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லும் அதே வசனம், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லவும் கட்டளையிடுகிறது. அந்த வசனம் துன்பப்பட்டுக்கொண்டிருந்த சபைக்கு எழுதப்பட்டது. வாய்மொழித் தேர்வில் தீமையும் துன்பமும் ஏன் என்ற கேள்வி வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். சுயாதீன சித்தம் குறித்த வாதத்தைச் சொல்லுங்கள், அது நிலநடுக்கத்தையும் குழந்தையின் நோயையும் முழுமையாக விளக்காது என்பதையும் சொல்லுங்கள். யோபுவின் நண்பர்கள் விளக்கம் சொல்லியே கடிந்துகொள்ளப்பட்டார்கள் என்பதையும் சேருங்கள். தேர்வுக்கு முந்திய வாரத்தில் புதிய நூல் எதையும் தொட வேண்டாம். 1 கொரிந்தியர் 15, பிலிப்பியர் 2, யோவான் 1 ஆகிய அதிகாரங்களையும், பிறகு விசுவாசப் பிரமாணத்தையும், அதன்பின் உங்கள் நோட்டின் வலப்பக்கங்களை மட்டுமே தனியாகவும் ஒருமுறை படித்து, இடப்பக்கத்தைப் பாராமல் ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதிப் பாருங்கள்.