மியூட் பண்ணாலும் வாய் அசையுதுல்ல

அனிமேஷன்ல கட் கேக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய இருக்கவங்களுக்குப் புரியவே மாட்டேங்குது. ஷூட்டிங் படம்னா நாலு டேக் இருக்கும், வேற ஆங்கிள் இருக்கும், ஒண்ணத் தூக்கிட்டு இன்னொண்ண வச்சு ஒப்பேத்திரலாம். எங்ககிட்ட மிச்சம்னு ஒரு பிரேம் கெடையாது, வேணுங்கறத மட்டுந்தான் வரையவே செய்வோம். அதுலயும் சவுண்டுதான் முதல்ல லாக் ஆகும், எந்த எழுத்துக்கு வாய் தொறக்கும் எதுக்கு மூடும்னு அதக் கேட்டு பிரேம் கணக்குப் போட்டு அப்புறந்தான் படம்.

மதுரையில எங்களுக்கு சோறு போடுறது வெளியூர் கம்பெனிக்கு பண்ற கிளீன்அப் (கிறுக்கலா போட்ட படத்த சுத்தமான கோடா வரையறது), கலரிங் வேலைதான். அது முடிஞ்ச ராத்திரியில சொந்தமா ஒரு குறும்படம் பண்ணோம், கதை ஸ்டுடியோ வச்சிருக்க அண்ணனோடது. பொதுப்பாதை வழியா பொணத்தக் கொண்டுபோக விடாத ஒரு ஊரு, நட்ட வயலுக்குள்ள எறங்கி சேத்துல பாடையத் தூக்கிட்டுப் போறாங்க, பொண்டாட்டிக்காரி மாரடிச்சு ஒப்பாரி வைக்குது, அதுல ஒரு சாதிப் பேரும் வருது. திருமங்கலம் பக்கத்துல ஒரு அம்மாவத்தான் பாட வச்சு ரெக்கார்ட் பண்ணோம், பாட்டு முடிஞ்சும் அவங்களால அழுகைய நிறுத்த முடியல.

படத்தப் போடுறோம்னு கூப்பிட்ட ஒரு காலேஜுல இருந்து முந்தின நாள் சாயங்காலம் போன். "தம்பி, அந்த சாதிப் பேர மட்டும் மியூட் பண்ணிருங்க, வேற ஒண்ணும் வேணாம்". சரின்னு மியூட் போட்டுப் பாத்தோம். சத்தம் இல்ல, ஆனா க்ளோசப்ல உதடு ஒட்டிப் பிரியுது, கலர் பண்ற பையன் பாட்டையே கேட்டதில்ல, உதட்டப் பாத்தே பேரச் சொல்லிட்டான். வாய மட்டும் மாத்தி வரையலாம்னா அந்த இடத்துலதான் கை மாருல விழுகுது, தல ஆடுது, கொண்டை அவுறுது, எல்லாமே அந்த வார்த்தையோட தாளத்துல கட்டுனது. நாலு செகண்டு. செகண்டுக்கு 24 பிரேம், ரெண்டு பிரேமுக்கு ஒரு படம்னு வச்சாலும் 48 படம் புதுசா வரையணும். அண்ணே முடியாதுன்னுட்டாரு, அவங்களும் படத்தப் போடல. அவர் சொன்னது சரின்னுதான் நான் இப்பவும் நெனைக்கிறேன், அந்தப் பேரு இல்லாம அந்த ஒப்பாரிக்கு என்ன அர்த்தம் இருக்கு.

தியேட்டருக்குப் போகணும்னா 1952 சினிமா சட்டப்படி சென்சார் சர்டிபிகேட் வேணும். அங்க கட் சொல்லி நமக்கு ஒத்துவரலன்னா முன்னாடி மேல்முறையீட்டுக்குன்னு ஒரு டிரிப்யூனல் இருந்துச்சு, 2021 ஏப்ரல்ல அதையும் எடுத்துட்டாங்க, இப்ப நேரா ஹைகோர்ட்டுதான். பத்து நிமிசப் படத்த எடுத்தவன் வக்கீலுக்கு எங்க போவான்.

இந்த நேரத்துலதான் அமெரிக்காவுல நீனா பேலிங்கற அம்மா சீதை கதைய வச்சு பண்ண 'சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்' அனிமேஷன் பத்தி ரொம்ப யோசிச்சேன். 2008ல வந்த 82 நிமிசப் படம், கிட்டத்தட்ட மொத்த அனிமேஷனும் அந்தம்மா ஒத்தையா வீட்டு கம்ப்யூட்டர்ல உக்காந்து பண்ணது. ராமாயணத்த இப்படி எடுக்கலாமான்னு சில இந்து அமைப்புக எதிர்த்தாங்க, வெள்ளைக்காரிக்கு நம்ம கதை எதுக்குன்னு இன்னொரு பக்கம் திட்டு. ஆனா படம் வெளிய வர முடியாம நின்னது பாட்டால. சீதை பாடுறதெல்லாம் 1920கள்ல ஆனெட் ஹான்ஷாங்கற அமெரிக்கப் பாடகி பாடுன பாட்டு, ரெக்கார்டிங்ல பிரச்சனை இல்ல, பாட்ட எழுதுனதுக்கான உரிமை கம்பெனிக கையில. முதல்ல கேட்ட தொகை 2 லட்சம் டாலருக்கு மேல, பேசிப் பேசி 50,000ல வந்து நின்னுச்சு, அதையும் கடன் வாங்கித்தான் கட்டுனாங்க. பாட்ட மாத்தியிருக்கலாமேன்னு ஒருத்தர் எங்கிட்ட கேட்டாரு. எப்படி மாத்துறது? சீதையோட ஒவ்வொரு வாயசைவும் இடுப்பசைவும் அந்தக் குரலுக்குன்னு வரைஞ்சதுங்க!

கடைசில அந்தம்மா படத்த யார் வேணா எடுத்துக்கோங்கன்னு இலவசமா விட்டுட்டாங்க, 2013ல தன்னோட உரிமைய மொத்தமாவே விட்டுக் குடுத்தாங்க. எங்க படத்த அப்படி விடலாமான்னு அண்ணங்கூட பேசிக்கிட்டு இருக்கோம். விட்டா அந்த நாலு செகண்ட யாரு வேணா வெட்டிப் போடலாம்னு அவருக்கு பயம். பாடுன அம்மாட்டயும் கேக்கணும், குரல் அவங்களோடது.