அக்காவுக்குக் கே-டிராமா சொல்லிப் பார்த்த கதை

யாருக்கு எந்த டிராமா பிடிக்கும் என்று சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். பெரியம்மா மகள், எனக்கு ஆறு வயது மூத்தவள், ஜனவரியில் அந்த நினைப்பைக் கலைத்தாள்.

அக்காவும் என்னைப் போலவே கொரிய டிராமா பைத்தியம்தான். ஆனால் நான் உட்கார்ந்தால் நாலு எபிசோட் முடித்துவிட்டுத்தான் எழுவேன். அவளுக்கோ பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைப்பது ஒரு மணி நேரம். அதையும் துணி மடித்துக்கொண்டேதான் பார்ப்பாள்.

"சிக்னல் முடிச்சிட்டேன்டா. அதே மாதிரி இன்னொண்ணு சொல்லு" என்றாள். 2016-இல் வந்த 16 எபிசோட் தொடர். இரவு 11:23-க்கு ஒரு பழைய வாக்கி-டாக்கி உயிர் பெற்று, கடந்த காலத்துப் போலீஸ்காரர் ஒருவரின் குரல் கேட்கும். சரி, அக்காவுக்குப் போலீஸ் கதை பிடிக்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். மறுபேச்சே இல்லாமல் 2017-இன் 'ஸ்ட்ரேஞ்சர்' என்று அனுப்பினேன். எனக்கு உயிரான தொடர். சின்ன வயதில் நடந்த மூளை அறுவை சிகிச்சையால் உணர்ச்சி மரத்துப்போன ஒரு அரசு வழக்கறிஞர், அவரோடு சேர்ந்து துப்புத் துலக்கும் போலீஸ் அதிகாரியாக பே டூ-னா.

மூன்றாவது எபிசோடில் நிறுத்திவிட்டாள்.

"எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு ஒரே மாதிரி இருக்காங்க. யாரு யாருக்கு மேலதிகாரின்னே பிடிபடல. அந்த ஹீரோ மூஞ்சில ஒண்ணுமே இல்லையேடா!"

ஹீரோ முகத்தில் ஒன்றும் இல்லாததுதானே விஷயம் என்று வாதாட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். யோசித்தால் தப்பு என்னுடையதுதான். வழக்கறிஞர் அலுவலகத்தில் யார் யாருக்கு வேண்டியவர் என்று சப்டைட்டிலை விடாமல் படித்தால்தான் அந்தக் கதை புரியும். துணி மடிக்கிறவளுக்கு அதைக் கொடுக்கலாமா?

அடுத்தது நடிகரை வைத்து ஒரு முயற்சி. சிக்னலில் நடித்த லீ ஜே-ஹூன் இருக்கிறார் என்று 2021-இன் 'மூவ் டு ஹெவன்'. இறந்தவர்களின் அறையைச் சுத்தம் செய்து, அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பவர்களின் கதை. பத்தே எபிசோட் என்பதால் முடித்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு, அழ வச்சே கொன்னுட்டான். ஆனா சிக்னல் மாதிரி எங்கடா இருக்கு?" என்றாள். நடிகர் ஒருவர்தான், டிராமா வேறு.

அப்புறம்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "எப்படி இருந்துச்சு" என்று கேட்டால் எல்லோரும் "சூப்பர்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சிக்னல்ல ஒரே ஒரு சீன் சொல்லுக்கா" என்றேன். கொலை, துப்பு, கடைசித் திருப்பம் எதையும் அவள் சொல்லவில்லை. அந்தப் போலீஸ்காரர் தனியாகத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பாரே, சுற்றிலும் எல்லோரும் படம் பார்த்துச் சிரிக்க அவர் மட்டும் அழுவாரே, அதைச் சொன்னாள். சொல்லும்போதே குரல் மாறியது. வாக்கி-டாக்கி பக்கமே அவள் போகவில்லை. நான் போலீஸ் கதை தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது துக்கத்தை வெளியே காட்டாத மனிதர்கள்.

அன்றிரவு சிக்னலை எடுத்தவர்கள் யார் என்று பார்த்தபோது நூல்முனை கிடைத்தது. இயக்குநர் கிம் வோன்-சொக். 2014-இல் 'மிசெங்', 2016-இல் 'சிக்னல்', 2018-இல் 'மை மிஸ்டர்', மூன்றும் அவர் கை வேலை. மூன்றையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனாலும் பேசாமல் நிற்கிற ஒருவரின் முகத்தை அவசரப்படாமல் காட்டும் பொறுமை மூன்றிலும் இருக்கிறது. எனக்கு இத்தனை நாள் இது தோன்றவே இல்லை.

உற்சாகத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். நேராக 'மை மிஸ்டர்'. அதோடு, "மெதுவாத்தான் போகும், பொறுமையா பாரு" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன். மருந்து கொடுப்பவன் பேசுகிற பேச்சு அது. முதல் காட்சியில் அலுவலகத்துக்குள் ஒரு சின்ன வண்டு பறந்து வரும், ஆளாளுக்கு அலறுவார்கள். ஹீரோ அதைக் கொல்ல மனசு வராமல் தடுமாற, அது போய் உட்காரும் இடத்தில் இருக்கும் பெண் பட்டென்று அடித்துவிடுவாள். இரண்டு பேரின் குணமும் அங்கேயே தெரிந்துவிடும். அக்காவிடமிருந்து வந்த தகவல்: "ஒரு பூச்சிக்கு இவ்ளோ நேரமாடா?" இரண்டு எபிசோடோடு மூட்டை கட்டிவிட்டாள்.

நாலு எபிசோட் கணக்குக்கு நான் வந்தது இதற்குப் பிறகுதான். இந்தத் தொடர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு எபிசோடாக ஒளிபரப்பானவை. 16 எபிசோட் என்றால் எட்டு வாரம். முதல் வாரத்தில் ஆட்களை அறிமுகம் செய்துவிட்டு, இரண்டாவது வாரத்தில்தான் கதையை ஓட விடுவார்கள். அங்கே டிவியில் பார்த்தவர்கள் இரண்டு வாரம் காத்திருந்ததை நாம் இரண்டு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதனால் இனி நாலு எபிசோட் வரை பார்ப்பது, பிடிக்காவிட்டால் மன்னிப்புக் கேட்காமல் விட்டுவிடுவது என்று பேசி முடித்தோம். நானும் "மெதுவா போகும்" என்று சொல்லக் கூடாது.

பிப்ரவரி கடைசியில் 'மிசெங்'. இதற்கு நான் சொன்னது ஒரே வரி: "டிகிரி இல்லாத பையன் ஒரு பெரிய கம்பெனியில சேர்றான்." பதுக் என்ற பலகை ஆட்டத்தில் தொழில்முறை வீரனாக முடியாமல் போனவன் அவன். தலைப்பும் ஆட்டத்தின் சொல்தான்: இன்னும் பிழைத்ததாகச் சொல்ல முடியாத காய்கள். இருபது எபிசோட், காதல் ஜோடி கிடையாது. அக்கா ஒரு காலத்தில் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். முதல் வாரத்திலேயே எனக்கு போன் வர ஆரம்பித்தது. கண் சிவந்தே திரியும் அந்த ஓ என்ற அதிகாரி அவளுக்குச் சொந்தக்காரர் போல ஆகிவிட்டார். அவர் குடித்துவிட்டு வேறு டீம்காரரிடம் சண்டை போடும்போது இந்தப் பையனை உரிமையோடு குறிப்பிடுவார். அந்த ஒரு வார்த்தையைப் பையன் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பான். தமிழில் அது "நம்ம பையன்" ஆகாது, "எங்க பையன்" என்றுதான் வர வேண்டும், எதிரே நிற்பவன் வேற டீம் ஆச்சே என்று அக்கா அரை மணி நேரம் பேசினாள். எனக்கு அதெல்லாம் தோன்றியதே இல்லை.

ஏப்ரலில், நான் ஒரு வார்த்தை சொல்லாமல், அவளாகவே 'மை மிஸ்டர்' பக்கம் திரும்பினாள். ஒருநாள் நடுராத்திரியில் "முடிச்சிட்டேன். நாளைக்குப் பேசறேன்" என்று வந்தது. இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு என் முறை. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' பார்க்கச் சொன்னாள். பாராகிளைடிங் போன பணக்காரி புயலில் மாட்டி வடகொரியாவில் போய் விழும் காதல் கதை என்று தெரிந்து, நான் வருஷக்கணக்காக ஒதுக்கி வைத்திருந்த தொடர். முனகினேன். "நாலு எபிசோட். உன் கணக்குத்தானே?" என்றாள். அதில் ஒரு சிப்பாய் திருட்டுத்தனமாகத் தென்கொரிய டிராமா பார்ப்பவன். அந்தப் பெண் செய்வதற்கெல்லாம் தன் டிராமா அறிவை வைத்து ஹீரோவான வடகொரிய கேப்டனுக்கு அர்த்தம் சொல்வான். நம்ம ஜாதி! அவனுக்காகவே பதினாறையும் முடித்தேன். காதல் பகுதியும் மோசமில்லை, ஆனால் அதை அக்காவிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அவளுக்கு 'ரிப்ளை 1988' ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு எபிசோடே ஒன்றரை மணி நேரம் இழுக்கும் என்பதால் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். சியோலில் ஒரு சந்து, அதில் சில வீடுகள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தட்டு ஏந்திப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவதை முதல் எபிசோடிலேயே பார்த்துவிட்டு விழுந்துவிட்டாள். நம்மைப் போலவே அவர்களும் "அப்பா" என்று கூப்பிடுவதால், அந்த இடங்களில் சப்டைட்டில் பக்கம் கண்ணே போவதில்லையாம். துணியும் மடிந்துவிடுகிறது. யாராவது அசட்டுப் பேச்சுப் பேசினால் பின்னணியில் ஆடு கத்துமே, அதைக் குரல் பதிவாக எனக்கு அனுப்புகிறாள்.

ஒரே தொல்லை, நாயகி டோக்-சன் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதைக் கடைசி வரை கண்ணாமூச்சி ஆடும் தொடர் அது. அக்கா ஏற்கெனவே ஒரு பையன் பக்கம் சாய்ந்துவிட்டாள். அவன் பெயரைச் சொல்லி "அவன்தானே?" என்று தினமும் கேட்கிறாள். நான் "ம்" என்கிறேன். அந்த "ம்" நீண்டாலும் சந்தேகப்படுகிறாள், குறைந்தாலும் சந்தேகப்படுகிறாள். அதனால் இருபது எபிசோடும் முடியும் வரை போனை எடுப்பதில்லை, எழுத்தில் மட்டும்தான் பதில் என்று வைத்திருக்கிறேன்.