பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூவிய பாஸ்வேர்டு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கென்று ஆபீஸ் கிடையாது. நாலைந்து சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், அதற்கு ஒரு மாமாக் கடையின் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மூலை மேசை போதும், பக்கத்திலேயே பிளக் பாயின்ட், மேலே காற்றாடி, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். சேமநிதிப் பணத்தை 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், அதனால் 14-ஆம் தேதி வந்தால் சம்பளப் பட்டியல், ஐசி (அடையாள அட்டை) நகல் எல்லாம் அந்த மேசையிலிருந்துதான் மெயிலில் போகும், வரும்.

போன மாதம் அக்கா மகன் வந்து எதிரில் உட்கார்ந்தான். காலேஜில் நெட்வொர்க்கிங் படிக்கிறான். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டு, "மாமா, கஸ்டமர் பேப்பரெல்லாம் இதுலதான் அனுப்புறீங்களா?" என்றான். பாஸ்வேர்டு இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்றேன். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் அது பூட்டே இல்லையாம். டபிள்யூபிஏ2 வகை வைஃபையில், பாஸ்வேர்டு தெரிந்த எவனும் நம் மெஷின் இணையும் அந்த நொடியைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதன்பின் காற்றில் போவதைப் பிரித்துப் படிக்கலாம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைக்கிறது, ஆனால் கடைக்காரர் தூசி படிந்த அந்தப் பெட்டியை என்றைக்கு மாற்றப்போகிறார்?

சரி, படித்தால் என்ன, மெயிலெல்லாம் இப்போது மறையாக்கத்தோடு, பிறர் படிக்க முடியாதபடி பூட்டித்தானே போகிறது என்று நானும் விடவில்லை. பிரவுசரில் திறக்கும் மெயிலுக்கு அது சரிதான். ஜிமெயில் 2010 ஜனவரியிலேயே எல்லோருக்கும் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பை இயல்பாக்கிவிட்டது. அதே வருடக் கடைசியில் ஃபயர்ஷீப் என்று ஒரு பிரவுசர் நீட்சி வந்து, பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையலாம் என்று காட்டிய பிறகு மற்ற தளங்களும் மெல்ல மெல்ல மாறின. ஆனால் நான் வைத்திருப்பது கடைகளின் சொந்த டொமைன் மெயில், அதுவும் மடிக்கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலில். அவன் கேட்டது அதைப் பற்றி.

நெட்வொர்க்கில் போவதையெல்லாம் காட்டும் வயர்ஷார்க்கை என் மெஷினிலேயே ஓடவிட்டு, "மாமா, ஒரு மெயில் அனுப்புங்க" என்றான். அனுப்பினேன். வரி வரியாக ஏதோ ஓடியது, நடுவில் ஒரு வரி, முழுக்க எழுத்துக் குப்பை, கடைசியில் இரண்டு சமக்குறி. எனக்கு நிம்மதி, குப்பையாகத்தானே தெரிகிறது! அது பூட்டு இல்லை, பேஸ்64 என்ற வெறும் எழுத்து மாற்றம் என்று சொல்லிக்கொண்டே திருப்பிக் காட்டினான். என் பெயர், அதை ஒட்டி என் பாஸ்வேர்டு, மகள் பிறந்த வருடம் உட்பட. மெயிலை எடுத்து வரும் பக்கம் இன்னும் மோசம், அங்கே அந்த மாற்றம்கூட இல்லை, அப்படியே பச்சையாக இருந்தது. புது மெயில் இருக்கிறதா என்று நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் போய்ப் பார்க்குமே, அப்போதெல்லாம் கடை முழுக்கக் கூவிக்கொண்டிருந்திருக்கிறது, நான் பாட்டுக்கு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டு.

செட்டிங்கில் இணைப்புப் பாதுகாப்பு என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று இருந்தது. யார் வைத்தது என்று யோசித்தால், கணக்கைத் தொடங்கிக் கொடுத்த ஆள்தான். சர்வர் பெயராக அவர் போட்டது நம் டொமைன், தான் யார் என்று காட்ட சர்வர் நீட்டும் சான்றிதழிலோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர், இரண்டும் ஒத்துப்போகாததால் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்திருக்கும், தொல்லை வேண்டாமென்று பாதுகாப்பையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மணி சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வாசற்கதவைக் கழற்றி வைத்த மாதிரி. சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சான்றிதழில் உள்ள பெயரையே சர்வர் பெயராகப் போட்டு, போர்ட் எண் அனுப்ப 465, எடுக்க 995 (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் என்றால் 993), பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்ற மறையாக்கம். 587-இல், திறந்தபடி தொடங்கிப் பிறகு மறையாக்கத்துக்கு மாறும் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸும் பரவாயில்லை, ஆனால் சில பழைய நிரல்களில் 'முடிந்தால் டிஎல்எஸ்' என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். நடுவில் இருப்பவன் "இங்கே முடியாது" என்று சொல்லவைத்தால் போதும், நிரல் வாய்பேசாமல் திறந்த வழியில் போய்விடும். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றினேன், இந்தத் தடவை மகளை இழுக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரு மறையாக்கக் குழாய் வழியே அனுப்பும் விபிஎன் வாங்கட்டுமா என்று கேட்டேன். செட்டிங் இப்படி இருந்தால் விபிஎன் முடியும் இடத்திலிருந்து மறுபடி பச்சையாகத்தான் போகும் என்றான். இலவச விபிஎன் என்றால் கடைக்காரரை நம்புவதற்குப் பதில் முகம் தெரியாத ஒருவனை நம்புவது, அவ்வளவுதான்.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் மாதிரி இடங்களில் இன்னொரு சிக்கல். வைஃபையில் இணைந்தாலும் பிரவுசரில் ஒப்புக்கொள்ளும் பக்கத்தைத் தாண்டும்வரை இணையம் கிடைக்காது, அந்த இடைவெளியில் மெயில் நிரல் சான்றிதழ் சரியில்லை என்று கத்தும். நான் எத்தனை முறை சரி சரி என்று அமுக்கியிருக்கிறேனோ! அதே பெயரில் எவனாவது போலி வைஃபை வைத்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். இப்போதெல்லாம் முதலில் பிரவுசர், பிறகுதான் மெயில், அப்போதும் எச்சரிக்கை வந்தால் மூடிவிட்டுக் கைப்பேசி டேட்டாவில் இணைகிறேன். சம்பளப் பட்டியலுக்கு எப்போதுமே டேட்டாதான். ஐசி நகலைப் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பாக அனுப்பி, பாஸ்வேர்டைப் போனில் சொல்கிறேன், ஏனென்றால் டிஎல்எஸ் காப்பது என் மெஷினிலிருந்து என் மெயில் சர்வர் வரைதான்.

மறுநாள் ஒரு கடைக்காரரிடமிருந்து போன். ஸ்கேன் செய்தால் மெயில் வரவில்லையாம். அவர் கடை ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளும் என் பழைய பாஸ்வேர்டு உட்கார்ந்திருந்தது, அதன் மெனுவில் டிஎல்எஸ் என்ற பேச்சே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்து வந்தேன், கடைக்குள் மட்டும் அனுப்ப, கம்பி இணைப்பில்.