நீர் வழியும் கண்ணுக்கும் வறட்சி உண்டு

கண் வறட்சி என்றால் கண்ணில் நீரே சுரக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கோ நீர் தாரையாக வழிந்தது. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் தினசரி நாட்காட்டிகளுக்குப் புரூஃப் பார்ப்பது என் வேலை. ஆடிப் பதினெட்டுக்குப் புது நாட்காட்டி மாதிரி ஆல்பங்கள் வெளியாகிவிட்டால் மார்கழி வரை மூச்சு விட நேரம் இருக்காது. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று ஒவ்வொரு தாளிலும் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் 365 தாள்களுக்கும் திரையில் சரிபார்க்க வேண்டும். ஒரு திதி மாறினால் எங்கோ ஒரு வீட்டில் திவசம் தவறிப்போகும். அப்படி ஊன்றிப் பார்க்கிற வேலையில்தான் என் கண் கெடத் தொடங்கியது.

காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பில் பீளை காய்ந்திருக்கும். முகம் கழுவியதும் கொஞ்சம் தெளியும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எரிச்சல், உறுத்தல். எழுத்துகள் கலங்கும், கண்ணைச் சிமிட்டினால் தெளியும், மறுபடி கலங்கும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் பட்டால் போதும், கண்ணீர் கன்னத்தில் இறங்கிவிடும். “என்னம்மா, வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று முதலாளி அண்ணாச்சி ஒருநாள் தனியாக அழைத்துக் கேட்டார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு என்ன என்று சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கிடையே கண்கட்டி வேறு. ஒன்று அமுங்கினால் வேறோர் இடத்தில் இன்னொன்று கிளம்பும். அம்மா நாமக்கட்டியை உரைத்துப் பூசுவார். இரவில் நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்ணின்மேல் வைப்பார். குளிர்ச்சி இதமாக இருந்தது. கட்டி வருவது நிற்கவில்லை.

கண்ணாடி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. உள்ளூரில் ஒரு மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “வறட்சிதான், சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்” என்று அனுப்பினார். அந்தச் சொட்டு அரை மணி நேரத்துக்கு ஆறுதல் தந்தது. பிறகு ஒரு மருந்துக் கடையில் வேறொரு சொட்டு கொடுத்தார்கள். சிவப்பு உடனே அடங்கியது. பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். படிப்பதுதானே என் தொழில். டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் கூடும், கண்புரை வரும், கிருமித்தொற்று இருந்தால் அது மறைந்து வளரும். சீட்டு இல்லாமல் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. சிவப்பு சட்டென்று மறைவதால் அதை அதிசய மருந்து என்று நம்பி, தெருவில் நாலு பேருக்குச் சிபாரிசு செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விடை கிடைத்தது மதுரையில், ஒரு கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவில். அங்கே இருந்த பெண் மருத்துவர் முதலில் கண்ணைத் தொடவே இல்லை, கேள்விகளாகக் கேட்டார். வாய் உலர்கிறதா? மூட்டு வலி உண்டா? தைராய்டு, சர்க்கரை? மாதவிலக்கு நிற்கும் பருவமா? தும்மலுக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? காகிதத் தூசிக்காக நான் செட்டிரிசின் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வகை மாத்திரைகள் கண்ணீரையும் குறைக்கும் என்றார். வாயும் கண்ணும் சேர்ந்து வறண்டு மூட்டும் வலித்தால் ஷோகிரன் என்ற நோயாக இருக்கலாம் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அது எனக்கு இல்லை என்று வந்தது. இந்தக் கேள்விகளை ஒரு மருத்துவர் கேட்காவிட்டால் நாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

பிறகு சோதனைகள். ஷிர்மர் சோதனையில் கீழிமைக்குள் ஒரு சிறு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் விடுகிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்பது கணக்கு. 10-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, 5-க்குக் கீழே போனால் நீர்ச் சுரப்பே மிகக் குறைவு. எனக்கு 16. அப்படியானால் வறட்சி எங்கே இருக்கிறது என்று குழம்பினேன். அடுத்த சோதனை அதைக் காட்டியது. கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, நீல விளக்கில் பார்த்தார்கள். கண்ணின்மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடியில் உடைகிறது என்று எண்ணுகிறார்கள். 10 வினாடியாவது தாங்க வேண்டும். என் வலது கண்ணில் 4, இடது கண்ணில் 3.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. நீர் ஆவியாகாமல் காப்பது அதுதான். அந்த எண்ணெயைத் தருபவை இமைக்குள் வரிசையாக நிற்கும் சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666-இல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். இவற்றின் வாய் அடைபட்டால் எண்ணெய் வராது. நீர் சீக்கிரம் ஆவியாகும். கருவிழி உலர்ந்து எரியும். அந்த எரிச்சலைத் தணிக்கக் கண் மேலும் நீரைக் கொட்டும். எண்ணெய் இல்லாத அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் இறங்கிவிடும். வழிந்த நீருக்கும் வறட்சிக்கும் இருந்த முடிச்சு அங்கே அவிழ்ந்தது. ஓயாத கண்கட்டிகளும் இதே அடைப்பிலிருந்துதான் வந்திருக்கின்றன.

மருத்துவர் என் கீழிமையை மெல்ல அழுத்திப் பார்த்தார். தெளிந்த எண்ணெயாக வர வேண்டியது வெண்ணிறக் கூழாக வந்தது. “மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது அல்லவா அம்மா, அதுதான் இங்கே நடந்திருக்கிறது. சூடு காட்டினால் உருகும்” என்றார். அதுவரை படித்த எதையும்விட எனக்கு அது தெளிவாக விளங்கியது. அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படத்தையும் காட்டினார். மேலிமையில் சுரப்பிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. கீழிமையின் மூக்கோரப் பகுதியில் மட்டும் வெறும் இருட்டு. அங்கே சுரப்பிகள் சுருங்கி மறைந்துவிட்டன. மறைந்தவை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இருப்பவற்றைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம் என்றார். ஒரு வருடம் முன்னால் யாராவது இமையை அழுத்திப் பார்த்திருக்கலாமே என்று அன்று மனம் வலித்தது. அழுத்திப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

வைத்தியத்தின் பெரும்பகுதி வீட்டில்தான். காலை, இரவு இரண்டு வேளையும் செய்கிறேன். ஒத்தடம் சுமார் 40 டிகிரிச் சூட்டில், குறைந்தது ஐந்து நிமிடம், முடிந்தால் பத்து நிமிடம் இருக்க வேண்டும். பலரும் கைவிடுவது இங்கேதான்: ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், உள்ளே எதுவும் உருகியிருக்காது. நான் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு இரண்டு சிறு துண்டுகளை மாற்றி மாற்றி வைக்கிறேன். முன்னங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுகமான சூடாக இருந்தால்தான் கண்ணுக்குப் போகும். இமைத் தோல் மிக மெல்லியது, சுட்டுவிடும்.

அடுத்தது நீவுதல். சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், அதாவது எப்போதும் இமைமுடியை நோக்கி, விரல் நுனியால் மெதுவாக நீவ வேண்டும். கண் விழியை அழுத்தக் கூடாது. பிறகு இமை விளிம்பைத் துடைப்பது. குழந்தை ஷாம்பூவை நீர்த்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு எரிந்தது. இதற்கென்றே வரும் ஈரத் துடைப்பான்களுக்கு மாறிக்கொண்டேன். இமைமுடியின் வேரில் உருளையாகப் பொடுகு படிந்திருந்தால் அது டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணியின் அடையாளம். அதற்குத் தனி மருந்து வேண்டும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்தடம் முடிந்த சில நிமிடங்கள் பார்வை சற்று மங்கலாக இருக்கும். அப்போது வண்டியை எடுக்காதீர்கள்.

சொட்டு மருந்திலும் ஒரு மாற்றம். நான் அதுவரை விட்டுக்கொண்டிருந்த குப்பியில் மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இருந்தது. எப்போதாவது விடுபவருக்கு அதனால் பெரிய தீங்கில்லை. நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் விடுகிறவர்களின் கருவிழியை அதுவே அரிக்கும். பதப்படுத்தி இல்லாத குப்பி விலை அதிகம், சில நூறு ரூபாய் ஆகிறது. அச்சகச் சம்பளத்தில் அது கனமான செலவுதான். இருந்தாலும் இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சில வாரங்களுக்குக் குறைந்த அளவில் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கொடுத்தார். கிருமியைக் கொல்வதற்காக அல்ல, இமையின் அழற்சியைத் தணிப்பதற்காக. அதை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது. ஆகவே கால்சியத்தை இரவுக்கு மாற்றினேன். இந்த மாத்திரை போடும்போது வெயில் தோலைச் சீக்கிரம் கருக்கும் என்பதால் சிவகாசி வெயிலில் குடை இல்லாமல் இறங்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது கண் மையை விடுவது. சிறு வயதிலிருந்து இமையின் உள்விளிம்பில் மை தீட்டாமல் நான் வெளியே போனதில்லை. அம்மா விளக்கில் கரி பிடித்து வீட்டிலேயே செய்து கொடுப்பார். ஆனால் சுரப்பிகளின் வாய் திறப்பது சரியாக அந்த விளிம்பில்தான். மை அங்கேயே போய் அடைக்கிறது. அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கண்ணுக்குக் குளிர்ச்சி என்றுதானே போட்டேன்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது விசேஷ நாட்களில் இமைமுடிக்கு வெளியே மெல்லிய கோடாக மட்டும் தீட்டிவிடுகிறார்.

வேலையிடத்தில் அண்ணாச்சி தயங்காமல் உதவினார். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தோம். பார்வை தாழ்ந்திருந்தால் இமை பாதி மூடியிருக்கும், காற்றில் படும் பரப்பு குறையும். மின்விசிறியைத் திருப்பினோம். ஒரு மாதத்துத் தாள்களைப் பார்த்து முடித்ததும் எழுந்து சன்னல் வழியே தூரத்தைப் பார்த்து, இமைகள் ஒன்றையொன்று தொடும்படி முழுதாகச் சிமிட்டுகிறேன். திரையின் முன்னால் நாம் குறைவாகச் சிமிட்டுகிறோம். அந்தக் குறைவான சிமிட்டலும் பல நேரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இமை முழுதாக மூடும்போதுதான் சுரப்பி பிழியப்பட்டு எண்ணெய் வெளியே வருகிறது.

விலை உயர்ந்த சிகிச்சைகளைப் பற்றியும் கேட்டேன். இமையை உள்ளிருந்து சூடாக்கி அழுத்தும் லிப்பிஃப்ளோ என்ற கருவி உண்டு. ஐபிஎல் என்ற ஒளிச் சிகிச்சை உண்டு. ஒளிச் சிகிச்சை நம்மில் பலருக்கு இருக்கும் கருமையான தோலில் தீக்காயத்தையும் நிறமாற்றத்தையும் உண்டாக்கக்கூடும்; அதைச் செய்துகொள்ளச் சொல்லும் இடத்தில் இதை முதலில் கேளுங்கள். எதைச் செய்தாலும் வீட்டு ஒத்தடத்தை நிறுத்த முடியாது என்று மருத்துவர் சொன்னதும் நான் அந்தப் பணத்தைச் சொட்டு மருந்துக்கு ஒதுக்கினேன். மீன் எண்ணெய் மாத்திரையும் வாங்கவில்லை. 2018-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சாளை மீன் குழம்பாகச் சாப்பிடுகிறேன், அது பிடித்திருப்பதால்.

முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் காலத்தில்தான் மனம் மிகவும் தளர்கிறது. வெளியே பார்ப்பவருக்கு உங்கள் கண்ணில் எதுவும் தெரியாது. “இதற்குப் போய் இத்தனை வைத்தியமா” என்பார்கள். நாள் முழுதும் எரியும் கண்ணோடு வாழ்வது எத்தனை களைப்பு என்பது அதை அனுபவிப்பவருக்குத்தான் தெரியும். உங்கள் துன்பம் கற்பனை இல்லை. சோதனையில் சிறிதாகத் தெரியும் பாதிப்பும் பெரிதாக வலிக்கலாம் என்று மருத்துவரே சொன்னார். இரண்டாம் மாத முடிவில் காலைப் பீளை குறைந்தது. அதன்பிறகு கண்கட்டிகள் நின்றன. பிற்பகல் எரிச்சல் இன்னும் சில நாட்களில் வருகிறது, முக்கியமாகப் பருவ வேலை உச்சத்தில் இருக்கும்போதும் குளிரூட்டிய பஸ்ஸில் மதுரைக்குப் போய்வந்த அன்றும்.

கடைசியாகப் பார்த்தபோது படலம் வலது கண்ணில் 8 வினாடியும் இடது கண்ணில் 7 வினாடியும் தாங்கியது. அழுத்தினால் வருவது கூழாக இல்லாமல் சற்றுக் கலங்கிய எண்ணெயாக இருந்தது. கீழிமையின் இருட்டுப் பகுதி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பெரிதாகவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒத்தடமும் சொட்டும் தொடர்கின்றன. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். ஆனால் திடீர் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், சிமிட்டினாலும் தெளியாத மங்கல் இவற்றில் எது வந்தாலும் தேதி பார்க்காமல் அன்றே வரச் சொல்லியிருக்கிறார்.