91, 95, 100: என் ஆக்டேவியா விஆர்எஸ்ஸில் பெட்ரோல் மாற்றி அளந்தது

2022 ஜூலையில் தொடங்கிய வேலை. வண்டி 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். "நூறு ஆக்டேன் போட்டா வண்டி பறக்கும்" என்று ஒரு நண்பர் சொல்வார், "காசுக்குக் கேடு" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அளந்து பார்த்ததில்லை. சரி, 91, 95, 100 என்ற மூன்று ஆக்டேன் எண் பெட்ரோலையும் நாமே அளந்துவிடலாம் என்று இறங்கினேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் டிராக் டே நடக்கும் நாட்களில் மட்டும்தான் சோதனை. கியரை மூன்றில் வைத்து, 3,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து 6,000 வரை விடுவேன். பக்கத்து சீட்டில் தம்பி, மடியில் லேப்டாப், வண்டியின் கணினியோடு பேசும் விசிடிஎஸ் கேபிள். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), உள்ளே போகும் காற்றின் சூடு, நான்கு சிலிண்டர்களிலும் ஸ்பார்க் விழும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, எல்லாம் பதிவாகும். ஒவ்வொரு பெட்ரோலுக்கும் டேங்கைக் கிட்டத்தட்டக் காலி செய்து, இரண்டு டேங்க் ஓட்டிய பிறகுதான் அளவு. பழைய பெட்ரோல் மிச்சம் இருந்தால் அது பாதிக்குப் பாதி கலவை. அதை அளந்து பயனில்லை.

முதல் நாள் கணக்கு தலைகீழாக வந்தது. நூறு ஆக்டேன் போட்ட ஓட்டம் 91ஐ விட மெதுவாக இருந்தது! வீட்டுக்கு வந்து லாகை, அதாவது பதிவை, திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. 91ஐ ஓட்டியது காலை ஏழு மணிக்கு, உள்ளே போகும் காற்றின் சூடு 41 டிகிரி. நூறை ஓட்டியது மதியம் ஒரு மணிக்கு, 63 டிகிரி. அந்த நாள் பதிவு முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். அதிலிருந்து எல்லா ஓட்டமும் காலை எட்டு மணிக்குள், சூடு 45ஐத் தாண்டாதபோது மட்டும்.

டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறது. அமுங்கிய காற்று சூடாகும், இன்டர்கூலர் அதில் ஒரு பகுதியைத்தான் இறக்கும். ஸ்பார்க் பற்றி தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் எரியாமல் காத்திருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். அதை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்தான் ஆக்டேன். பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அது சொல்வதில்லை. பிளாக்கில் முடுக்கியிருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டதும் ஈசியூ, அதாவது இன்ஜின் கணினி, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். தாமதமானால், அழுத்தம் உச்சத்துக்கு வருவதற்குள் பிஸ்டன் அதிகமாக இறங்கிப் போயிருக்கும். தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்டில் போகும். அதைக் குளிர்விக்கக் கூடுதல் பெட்ரோல் வேறு.

கம்பெனி மேப்பில், அதாவது ஈசியூவில் கம்பெனி போட்டுத் தந்த செட்டிங்கில், 3,000இலிருந்து 6,000 வரை போக எடுத்த நேரம் இது. 91இல் 5.6 வினாடி, 95இல் 5.3, நூறில் 5.2. 91இல் மூன்றாவது சிலிண்டர் 6 டிகிரி வரை பின்வாங்கியது, மற்றவை சுமார் நான்கு. 95இல் எல்லாமே மூன்றுக்குள். நூறில் அநேகமாகப் பூஜ்யம். ஆனால் 95க்கும் நூறுக்கும் நடுவில் நேரம் அசையவே இல்லை என்று சொல்லலாம், ஒரே பெட்ரோலில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்துக்கே அவ்வளவு வித்தியாசம் வரும். மேப் கேட்கும் டைமிங் முழுசாகக் கிடைத்த பிறகு, மிச்சமிருக்கும் ஆக்டேனை அந்த மேப் பயன்படுத்துவதில்லை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயிலின் நூறு ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி 100 வந்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். கம்பெனி மேப்போடு ஓடும் வண்டிக்கு அதைத் தினமும் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டர்போ இல்லாத சின்னக் கார்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

2023இல் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தேன், அதாவது ஈசியூ மேப்பை மட்டும் மாற்றினேன். பூஸ்ட் 1.1 பாரிலிருந்து 1.5க்குப் போனது. கதையே மாறியது. 95இல் 4.7 வினாடி, நூறில் 4.3. தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். 95 ஓட்டத்தில் 4,200 ஆர்பிஎம் வந்ததும் நான்கு சிலிண்டர்களின் டைமிங் வரிசையும் ஒன்றன்பின் ஒன்றாக 3, 4.5, 5.25, 6 என்று இறங்கியிருந்தன. "அண்ணா, வண்டி உன்கிட்ட கெஞ்சுது" என்றான். அன்று மாலையே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியத் துகளோ இருக்கிறதா என்று நான்கையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை. மூச்சு வந்தது. இந்த மேப்பில் 91 போடவே மாட்டேன். சென்சார் காப்பாற்றும் என்று நம்பி பிஸ்டனைப் பணயம் வைக்க முடியாது.

எரிபொருளை ரசாயனமாகவே யோசித்தவர்கள் ஹோண்டாக்காரர்கள். 1988 ஃபார்முலா 1இல் மெக்லாரனுக்கு அவர்கள் கொடுத்த 1.5 லிட்டர் டர்போவின் எரிபொருளில் 84 சதவீதம் டோலுயீன், மீதி ஹெப்டேன். ஹெப்டேனின் ஆக்டேன் எண் பூஜ்யம். ஆக்டேன் 102ஐத் தாண்டக் கூடாது என்றது விதி. டோலுயீன் மட்டும் என்றால் தாண்டிவிடும், அதற்காகவே ஹெப்டேனைக் கலந்தார்கள். டோலுயீன் எளிதில் ஆவியாகாது என்பதால் எரிபொருளைச் சூடாக்கியே உள்ளே அனுப்பினார்கள். அந்த வருடம் 16 போட்டியில் 15 வெற்றி.

2025இல் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் வந்தபின் சாதாரண பெட்ரோலைத் திரும்ப அளக்க ஆசை. கம்பெனி மேப்பை ஏற்றிவிட்டு ஒரே ஒரு டேங்க் ஓட்டினேன். பின்வாங்கல் பழைய 91ஐ விடக் குறைவு, நேரம் 5.4. ஃபியூவல் டிரிம் (ஈசியூ தானாகக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் அளவு) நான்கு சதவீதம் மேலே ஏறியது, நகரத்தில் மைலேஜ் 9.8இலிருந்து 9.3. பின்வாங்கல் குறைந்ததும் மைலேஜ் குறைந்ததும் எத்தனாலால்தான். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சூட்டை உறிஞ்சும், அதனால் சிலிண்டர் குளிரும். அதே சமயம் ஒரு கிலோ எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான சக்திதான், அதனால் அதிகமாக ஊற்றியாக வேண்டும். கோனிக்செக் ஜெஸ்கோ சாதாரண பெட்ரோலில் 1,280 குதிரைத்திறன், 85 சதவீத எத்தனாலில் 1,600. பம்பும் இன்ஜெக்டரும் அந்த அளவுக்கு எத்தனாலை ஊற்ற முடிந்தால்தான் அந்த 320 வரும். என் வண்டியின் ஹை பிரஷர் பம்ப் அதற்குப் போதாது. ரப்பர் பாகங்களும் இந்த வண்டியில் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் அந்த டேங்க் காலியானதும் ஸ்டேஜ் 1 மேப்புக்கும் எக்ஸ்பி 100க்கும் திரும்பிவிட்டேன்.

அடுத்து பெரிய இன்டர்கூலர். வாங்கி வைத்தாயிற்று, ஷெட்டில் பெட்டியோடு இருக்கிறது. அதை மாட்டிய பிறகு 95ஐ ஊற்றி, நான் தூக்கிப்போட்ட அதே மதியம் ஒரு மணி வெயிலில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அந்த 4.7 எவ்வளவு இறங்குகிறது என்று லாகோடு எழுதுகிறேன்.